உணவும் மூப்பும்

உண்டி சுருங்கின் ஆயுள் நீளுமோ என்னும் வினாவை மனிதரிடத்தே ஆராய ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் போதாது. சீனோராப்டிற்றிசு எலிகன்சு என்னும் புழுவோ ஒரு மில்லிமீற்றர் நீளமே உடையது; இரண்டு மூன்று வாரங்களில் மூத்து மடிவது. அதன் உணவாகிய பற்றீரியாவைக் குறைப்பின் ஆயுள் நீளுமென 1977ஆம் ஆண்டிற் கிளாஸ் என்பார் காட்டினார்.

ஆயினும், தட்டில் வளர்க்குங்கால் இளம்புழுக்கள் தாய்ப்புழுக்களோடு கலந்துவிடும். அவை தோன்றாவாறு தடுக்கும் மருந்து ஆயுளையே மாற்றவுங்கூடும். அங்ஙனமாயின், நீண்ட வாழ்வு உணவால் வந்ததோ, மருந்தால் வந்ததோ?

இவ்விடரை நுண்பாய்மக் கருவி நீக்குகின்றது. ஒளிபுகும் சிலிக்கோன் இறப்பரில் அமைந்த மயிரிழையன்ன கால்வாய்களினூடே அளவறிந்த பற்றீரியா கலந்த நீர் பாய்கின்றது. குறுகிய வாயில்கள் இளம்புழுக்களைப் போகவிட்டுப் பருத்த தாய்ப்புழுக்களை நிறுத்திக்கொள்கின்றன, மருந்து வேண்டுவதில்லை. புழுவிற் கண்டதை மனிதர்க்கு ஏற்றிக் கூறலாகாது; எனினும், காரணத்தைப் பிரித்தறியும் வழி இங்குத் தெளிவாகின்றது.