துப்புத் துலக்கிய அத்தை



"கொலைக்கதை வாசிக்கிற பிள்ளைக்கு நித்திரை வராது" என்று சொல்லி, சிறுவயதில் என் கையிலிருந்த புத்தகத்தை அம்மம்மா பறித்து வைத்ததுண்டு. பின்னாளில் உண்மையான சாவுகளைக் கண்ணால் கண்ட பிறகு நானே அத்தகைய கதைகளை ஒதுக்கிவிட்டேன். பட்டது போதாதா, கதையிலும் சாவா என்று தோன்றியது. அண்மையில் நூறு ஆண்டுக்கு முந்திய அமெரிக்க மர்ம நாவலொன்றை வாசித்தபோதுதான் என் எண்ணம் மாறியது.

அதை எழுதியவர் மேரி றொபேர்ட்ஸ் றைன்ஹார்ட் என்னும் பெண்மணி. 1876ஆம் ஆண்டு, பிட்ஸ்பேர்க் நகரை அடுத்த அலகெனியில் பிறந்தவர். தையல் இயந்திரம் விற்றுவந்த அவருடைய தந்தை, தொழில் நொடித்துப்போன நிலையில் 1895இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது 19 வயதான மேரி தாதிப் பயிற்சியில் இருந்தார். அடுத்த ஆண்டு ஒரு வைத்தியரை மணந்து, மூன்று ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். 1903இல் பங்குச்சந்தை சரிந்தது. சேமிப்பு கரைந்ததோடு 12,000 டொலர் கடனும் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

மேரி பேனாவை எடுத்தார். வீட்டுவேலைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஒரே ஆண்டில் 45 சிறுகதைகளை எழுதினார். அவருக்குப் பெரும்புகழ் தந்த நாவல் 1907இல் சஞ்சிகையொன்றில் தொடராக வந்து, 1908இல் நூலாயிற்று. அதன் பெயரை 'சுழல் படிக்கட்டு' என்று தமிழில் சொல்லலாம்.

கதையின் நாயகி இளம் அழகியல்ல. ரேச்சல் இன்னஸ் என்ற நடுவயதுப் பெண், திருமணமாகாதவள். தாய் தகப்பனை இழந்த தன் சகோதரனின் பிள்ளைகள் இருவரை வளர்த்து ஆளாக்கிய அத்தை. கோடை விடுமுறைக்கு நாட்டுப்புறத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுக்கிறாள். சில நாட்களிலேயே வீட்டுக்காரரின் மகன் சுழல் படிக்கட்டின் அடியில் சுடப்பட்டுக் கிடக்கிறான். வீட்டுக்காரர் தலைவராக இருந்த வங்கியும் முறிந்து, வைப்பிட்டவர்களின் பணம் போகிறது. மருமகள் விரும்பிய வங்கி ஊழியன்மேல் பழி விழுகிறது. வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று எல்லாரும் சொல்ல, அத்தை மறுக்கிறாள். பயந்துகொண்டே நிற்கிறாள், கேள்வி கேட்கிறாள். வீட்டுக்குள் மறைந்திருக்கும் அறையையும் தானே கண்டுபிடிக்கிறாள். முடிவை நீங்களே வாசித்து அறியுங்கள்.

இந்நாவலில் குறையும் உண்டு. கறுப்பின வேலையாளை ஏளனமாகக் காட்டும் அக்காலத்து வழக்கம் இதிலும் இருக்கிறது. அதை நாம் ஏற்கத் தேவையில்லை.

என்றாலும் ஒன்று என் மனதைத் தொட்டது. மர்ம நாவலில் எந்தச் சாவும் வெறும் எண்ணிக்கையாகப் போவதில்லை. "யார் செய்தது? ஏன்?" என்று கடைசிப் பக்கம்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நம் வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் கடைசி அத்தியாயத்தில் விடை கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆனாலும் கேட்பது தவறல்ல, கேட்பவள் பைத்தியக்காரியுமல்ல. ரேச்சல் அத்தையையும் அப்படித்தான் முதலில் சிலர் நினைத்தார்கள்.

மேரியின் எழுத்து அத்துடன் நிற்கவில்லை. 1914இல் ஒரு தாதியையே துப்பறிபவளாக்கிக் கதை எழுதினார். நோயாளியின் கட்டிலருகே இருப்பவளுக்குத் தெரியாத வீட்டு இரகசியம் ஏது! 1915இல், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பெல்ஜியப் போர்முனைக்குச் சென்று காயப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்.

1936இல் மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அந்நோயின் பெயரைச் சொல்லவே பெண்கள் கூசிய காலம் அது. 1947இல் பெண்கள் சஞ்சிகையொன்றில் அவர் தன் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். மற்றப் பெண்கள் மறைத்துவைத்துச் சாகக்கூடாது என்பதே அவர் நோக்கம். மறைந்த அறைகளைக் கதையில் திறந்தவர், தன் வாழ்விலும் ஒன்றைத் திறந்துவைத்தார். 1958இல் 82ஆவது வயதில் காலமானார்.

கடன் வந்தபோது எழுதத் தொடங்கிய அந்தத் தாயை நினைக்கும்போது எனக்குள்ளும் ஒரு துணிவு பிறக்கிறது. உங்கள் வீட்டிலும் எழுதாத கொப்பி ஒன்று கிடக்கக்கூடும். மனதில் அடைத்துவைத்த கேள்வியை இன்றிரவு அதில் ஒரு வரியாகவேனும் எழுதிப் பாருங்கள், சகோதரிகளே!