நியூயார்க்கின் பெருங்கட்டடங்களும் உமிழ்வு வரம்பும்

நியூயார்க் நகரத்தின் பசுங்குடில் வாயு உமிழ்வில், அதாவது வளிமண்டலத்தில் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களின் கணக்கில் சேர்கிறது. மக்கள் பெரும்பாலும் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் போய்வரும் அந்நகரத்தில், வாகனப் புகையைவிட அலுவலகங்களையும் அடுக்ககங்களையும் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒளியூட்டவும் செலவாகும் ஆற்றலே பெருஞ்சுமையாக இருக்கிறது. இதைக் கருத்தில் கொண்டு 2019 ஏப்ரலில் நகர மன்றம் நிறைவேற்றிய 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட ஏறத்தாழ 50,000 கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் இவ்வளவுக்கு மேல் உமிழக் கூடாது என்று வரம்பு கட்டியது. 2024இல் நடைமுறைக்கு வந்த அந்த வரம்பு 2030இல் பன்மடங்கு இறுகுகிறது. மீறப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டட உரிமையாளர் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம் செலுத்த வேண்டும்.

இச்சட்டம் திடீரென வந்ததன்று. பெருங்கட்டடங்கள் தம் ஆற்றல் செலவை ஆண்டுதோறும் அளந்து நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2009லேயே வந்துவிட்டது; 2020 முதல் ஏ, பி, சி, டி என்ற எழுத்துத் தரத்தை வாசலில் ஒட்டிவைக்க வேண்டிய கட்டாயமும் சேர்ந்தது. பத்தாண்டு அளவீடு கையில் இருந்ததனால்தான் வரம்பை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவுசெய்ய முடிந்தது.

கட்டடத்தின் உமிழ்வு இருவகைப்படும். அடித்தளத்துக் கொதிகலனில் எரிவாயுவோ எண்ணெயோ எரியும்போது அங்கேயே வெளியாவது நேரடி உமிழ்வு. கட்டடம் வாங்கும் மின்சாரத்துக்காகத் தொலைவிலுள்ள அனல்மின் நிலையத்தில் வெளியாவது மறைமுக உமிழ்வு. மன்ஹாட்டனில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: 1882 முதல் தெருக்களுக்கு அடியில் குழாய்கள் வழியே விற்கப்பட்டு வரும் நீராவி, இன்றும் பல வானளாவிகளைச் சூடாக்குகிறது. இம்மூன்றையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர, சட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உமிழ்வுக் காரணியை, அதாவது ஓர் அலகு ஆற்றலுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்ற பெருக்கு எண்ணை, நிர்ணயித்திருக்கிறது. 2029 வரை ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது 0.289 கிலோ, நீராவியில் பத்து லட்சம் பிடியூ வெப்பத்துக்கு 44.93 கிலோ. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாகை பாரன்ஹீட் சூடேற்றத் தேவைப்படும் வெப்பமே ஒரு பிடியூ.

பத்து லட்சம் சதுர அடி கொண்ட ஓர் அலுவலகக் கட்டடம் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி யூனிட் மின்சாரமும் 4,000 கோடி பிடியூ நீராவியும் செலவிடுவதாக வைத்துக்கொண்டால், மின்சாரத்தால் 4,335 டன்னும் நீராவியால் 1,797 டன்னும் ஆக 6,132 டன் அதன் கணக்கில் ஏறும். அலுவலகங்களுக்கு 2029 வரை சதுர அடிக்கு 7.58 கிலோ வரம்பு என்பதால் 7,580 டன் வரை அனுமதி உண்டு. உரிமையாளர் எதுவும் செய்யத் தேவையில்லை. 2030இலோ வரம்பு சதுர அடிக்கு 2.69 கிலோவாகக் குறைகிறது. அதே ஆண்டு மின்சாரத்தின் காரணியும் 0.145 ஆகப் பாதியாவதால் மின்சாரக் கணக்கு 2,175 டன்னுக்கு இறங்கிவிடும். நீராவியின் காரணி 43.2 என்ற அளவில் ஏறத்தாழ அப்படியே நிற்பதால் அதன் பங்கு 1,728 டன். ஆக மொத்தம் 3,903 டன், வரம்பைவிட 1,213 டன் அதிகம். அபராதம் ஆண்டுக்குச் சுமார் 3.25 லட்சம் டாலர். சுமை மின்சாரத்திலிருந்து வெப்பத்துக்கு நகர்வதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இங்கே ஒரு நெருடலும் இருக்கிறது. மின்சாரத்தின் காரணி பாதியாவது எந்தக் கட்டடமும் செய்த முயற்சியால் அன்று. 2030இல் 70 விழுக்காடு மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2019இல் வகுத்த இலக்கை நம்பி எழுதப்பட்ட எண் அது. நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையம் 2021 ஏப்ரலில் மூடப்பட்ட பின், நகரம் எரிவாயு மின்சாரத்தை முன்னிலும் அதிகமாகச் சார்ந்து நிற்கிறது. மின்தொகுப்பு சட்டம் எதிர்பார்த்த வேகத்தில் தூய்மையடையாவிட்டால், ஏட்டில் குறையும் உமிழ்வு காற்றில் குறையாது. ஆகவே ஒரு கட்டடம் உண்மையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அதன் டன் கணக்கைவிட அதன் ஆற்றல் தேவை குறைந்திருப்பதே நம்பகமாகச் சொல்லும்.

அத்தேவையை எப்படிக் குறைப்பது என்பதற்கு, சட்டம் வருவதற்குப் பத்தாண்டு முன்பே எம்பயர் ஸ்டேட் கட்டடம் வழிகாட்டியது. 1931இல் திறக்கப்பட்ட அந்த 102 மாடிக் கட்டடத்தில் 2009இல் அறிவிக்கப்பட்ட புதுப்பிப்புப் பணியின் சிறப்பு, பணிகள் அமைந்த வரிசையில் இருக்கிறது. பழைய குளிரூட்டு இயந்திரங்களுக்குப் பதிலாகப் பெரியவற்றை வாங்குவதே வழக்கமான முடிவாக இருந்திருக்கும். திட்டத்தை வகுத்தவர்களோ அவ்வளவு குளிர்ச்சி ஏன் தேவைப்படுகிறது என்று முதலில் கேட்டார்கள். சுமார் 6,500 சன்னல்களும் கழற்றப்பட்டு, அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் அமைக்கப்பட்ட பட்டறைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே இரு கண்ணாடிகளும் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, இடையே மெல்லிய படலம் இழுத்துக்கட்டப்பட்டு, வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயு நிரப்பப்பட்டு மீண்டும் மூடப்பட்டன. பழைய கண்ணாடியில் பெரும்பகுதி வீணாகாமல் பயன்பட்டது. சன்னலோர நீராவி வெப்பமூட்டிகளுக்குப் பின்னால், வெப்பம் சுவர் வழியே வெளியேறாதபடி அதை அறைக்குள் திருப்பும் தகடுகள் பதிக்கப்பட்டன. விளக்குகளும் மாற்றப்பட்டதனால் குளிர்ச்சித் தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதனால் இருந்த இயந்திரங்களையே பழுதுபார்த்துத் தொடர முடிந்தது. மொத்த ஆற்றல் செலவு 38 விழுக்காடும், கட்டணம் ஆண்டுக்கு 44 லட்சம் டாலரும் குறையும் என்று மதிப்பிடப்பட்டது. கருவியைத் தொடுவதற்கு முன் தேவையைச் சுருக்குவது என்ற இந்த ஒழுங்குமுறை, எந்த ஒரு தனிக் கருவியையும்விடப் பயன்மிக்கது.

தேவை சுருங்கிய பிறகே வெப்பமூட்டும் முறையை மாற்றுவது கட்டுப்படியாகும். ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப எக்கி, குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் தள்ளுவதைப் போலவே, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதனால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தர அதனால் முடியும். ஆனால் நீராவிக்கென்று குழாய் பதித்த பழைய வானளாவியில் அதைப் பொருத்துவது பல ஆண்டு வேலை.

சட்டத்தால் எளிதில் தொட முடியாத பகுதி ஒன்று எஞ்சியிருக்கிறது. அலுவலகக் கட்டடங்களில் மின்சாரத்தின் பெரும்பங்கை வாடகைதாரர்களின் விளக்குகள், கணினிகள், சர்வர் அறைகள் ஆகியவையே செலவிடுகின்றன. அபராதமோ உரிமையாளர் பெயரில் வருகிறது. பரப்பளவை வைத்து மின்கட்டணத்தைப் பங்கிடும் குத்தகைகளில், சிக்கனமாக இருக்கும் நிறுவனத்துக்கு அதன் பலன் நேராகப் போய்ச் சேர்வதில்லை. பெரிய வாடகைப் பகுதிகளுக்குத் தனி மீட்டர் பொருத்தி மாதந்தோறும் பயன்பாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்று 88ஆம் எண் சட்டம் இதற்காகவே கட்டாயமாக்கியது. அதற்கான கெடு 2025 தொடக்கத்தில் முடிந்தது. எனினும் வணிகக் குத்தகைகள் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு எழுதப்படுபவை என்பதால், 2030 வரம்பு வரும்போது உமிழ்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பழைய ஒப்பந்தங்கள் பல நடப்பில் இருக்கும். வாடகைதாரரின் செலவுக்கான அபராதத்தை யார் ஏற்பது என்ற வழக்கு அங்கிருந்தே தொடங்கக்கூடும்.