காரைக்கால் தந்த குடும்பப் பெயர்கள்

தமிழருக்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பொதுவாக இல்லை. கிளிஞ்சல்மேட்டு மீனவர் வீடானாலும் காரைக்கால் நகரத்துக் கடைக்காரர் வீடானாலும், தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் காலூன்றிய இந்தக் கரையில் அந்த மரபு இரண்டு வழிகளில் முறிந்தது.

முதல் வழி, கப்பல். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் ரெயூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளில் இறங்கினார்கள். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பக்கத்தில் பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில். அப்பாவுக்கு மட்டும் உரியதாக இருந்த அந்தப் பெயர், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நிலைத்தது. முத்துசாமி ‘முதுசாமி’ என்றும், சிதம்பரம் ‘சிதம்பரோம்’ என்றும் ஆனது இப்படித்தான். குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரோம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904-இல் போராடத் தொடங்கி 1923-இல் வென்றார். எழுத்தர் எழுதிய பெயருக்கு அவர் தேடித் தந்த மதிப்பு பெரிது.

இரண்டாவது வழி, சட்டம். இந்து, முஸ்லிம் மரபுச் சட்டங்களையும் சாதி வழக்குகளையும் விட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை இடம் கொடுத்தது. ஏற்றவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இவர்களில் மிகுதி. அதிகாரி முன் எழுதிக் கொடுக்கும்போதே ஒரு குடும்பப் பெயரையும் சொல்லியாக வேண்டும். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. சிலர் தந்தை பெயரையே வைத்துக்கொண்டார்கள், சிலர் பிரெஞ்சுப் பெயர் சூடினார்கள்.

சூடியவர்களில் புகழ்பெற்றவர் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் ஐரோப்பியர் போல ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றவர். மரபுச் சட்டத்தைத் துறந்தபோது அவர் ‘லா போர்த்’, அதாவது ‘கதவு’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பின்னால் வருவோருக்கு வழி திறந்தவருக்குப் பொருத்தமான பெயர். ரெனோன்சான்கள் பலர் அந்தப் பெயர்களோடு சைகோன் சென்று பிரெஞ்சு அரசுப் பணிகளில் அமர்ந்தார்கள்.

தீவுகளில் வேர் தேடுவோருக்குக் குடும்பப் பெயர் மட்டும் போதாது; ஒரே பெயரில் தொடர்பில்லாத குடும்பங்கள் பல உண்டு. மூதாதையின் பதிவு எண்ணிலிருந்து தொடங்குவதே நல்லது. பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன.