டர்போ கார் குலுங்குகிறதா? முதலில் 'எப்போது' என்று கேளுங்கள்

நம் மலேசிய இளைஞர்கள் பலருக்குப் புரோட்டோன் வீரா மீது இன்றும் பாசம். 1993-இல் வந்த அந்தக் கார் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அதனால் லான்சர் ஜிஎஸ்ஆரின் டர்போ எஞ்சின் அதில் நன்கு பொருந்துகிறது. ஆனால், மாற்றிய எஞ்சின் குலுங்கத் தொடங்கியதும் பலர் ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

எப்போது குலுங்குகிறது? அதைக் கவனியுங்கள்.

டர்போ அழுத்தும்போது மட்டும் விட்டு விட்டு இழுத்தால், தீப்பொறியைச் சந்தேகியுங்கள். சிலிண்டரில் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். சாதாரண எஞ்சினில் சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளியை, டர்போவுக்கு 0.7 அளவுக்குக் குறைப்பது வழக்கம். பிளக், வயர், காயில் மூன்றையும் பாருங்கள்.

நிற்கும்போது ஆட்டம், வேகத்தில் சரியாகிறதா? விரிசல் விட்ட வேக்குவம் குழாய் வழியே காற்று நுழையலாம்.

எந்த சிலிண்டர்? எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அதுதான் நோயாளி. எஞ்சினை நிறுத்தி, அதன் பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என வரிசையாகச் சோதியுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும். பெட்ரோல் போதாத எஞ்சினை டர்போ அழுத்தத்தில் விரட்டினால் பிஸ்டனே உருகலாம்.

பட்டறையில் "குலுங்குகிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது என்றும் சொல்லுங்கள். பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகும்.