பச்சிளங் குழந்தையின் மஞ்சள்: தாதியர் கூறும் சொற்களின் பொருள்

பிள்ளை பெற்ற வீட்டிற்கு வரும் தாதி, குழந்தையின் தோலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பிலிருபின் பார்க்க வேண்டும், கிளினிக்கிற்குக் கொண்டு வாருங்கள்" என்கிறார். அவர் சென்றதும் பாட்டி, "காலை வெயிலில் காட்டினால் போதும்" என்கிறார். தாதியின் சொல் விளங்கவில்லை. பாட்டியின் சொல் விளங்கிற்று. ஆகவே குழந்தை வெயிலுக்குப் போகிறது.

பிலிருபின் என்பது இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும்பொழுது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள். அதனை வெளியேற்றுவது கல்லீரல். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு முதல் சில நாட்களில் அவ்வாற்றல் போதாது. ஆகையால் இரண்டாம், மூன்றாம் நாளில் மஞ்சள் தோன்றிப் பின் மறைவது பெரும்பாலும் இயல்பே. ஆனால் பிறந்த 24 மணி நேரத்திற்குள் தோன்றினால் அது இயல்பன்று. அளவு மிகுந்த பிலிருபின் மூளைக்குள் புகும். 'கெர்னிக்டெரஸ்' எனப்படுவது இதுவே. அதனால் வரும் செவிட்டுத்தன்மையும் கைகால் முடக்கமும் பின்னர் நீங்கா, உயிரும் போகலாம். கருத்த மேனியில் மஞ்சளின் அளவைக் கண்ணால் அறிய இயலாது. குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பது அதற்காகவே.

'போட்டோதெரபி' என்பது ஒளிச் சிகிச்சை. இங்கிலாந்தின் ராச்ஃபர்ட் மருத்துவமனையில் 1956இல் வார்ட் என்னும் தலைமைத் தாதி, குழந்தைகளை முற்றத்து வெயிலில் வைத்துவந்தார். ஒரு குழந்தைக்குத் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். விளக்கொளிச் சிகிச்சை அதிலிருந்தே பிறந்தது. அப்படியாயின் பாட்டி சொன்னதும் சரிதானே எனலாம். முழுதும் தவறென்பதற்கில்லை. ஆயினும் வெயிலுக்கு அளவில்லை; பிஞ்சுத் தோல் வெந்துபோகும், உடல்நீர் வற்றும், அதற்குள் பிலிருபின் ஏறிவிடும். மருத்துவமனை விளக்கோ நீல ஒளியை அளவோடு இரவும் பகலும் பாய்ச்சுகிறது. குழந்தையின் கண்களை மூடுவது கூச்சொளி படாதிருக்கவே, அஞ்ச வேண்டா. சீனித் தண்ணீரால் மஞ்சள் இறங்காது. தாய்ப்பாலே அடிக்கடி கொடுக்கவேண்டும். பால் குடிக்காமல் சோர்ந்து உறங்கினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இனி 'ஜி-6-பி-டி'. மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதனைச் சோதிக்கிறார்கள். இது சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம். இது குறைந்திருப்பது தொற்றுநோயன்று. பிறவிக் குறை, ஆண் குழந்தைகளிடமே மிகுதி. இக்குறையுள்ள குழந்தை அந்துருண்டையின் ஆவியை முகர்ந்தாலும் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் விரைந்து ஏறக்கூடும். பெட்டியில் அந்துருண்டை இட்டு வைத்த பழஞ்சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுவது நம் வழக்கமல்லவா? அது வேண்டா, அந்துருண்டை படாத சேலையே ஆகட்டும். குழந்தையின் புத்தகத்தில் இக்குறை குறிக்கப்பட்டிருந்தால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் காட்டுங்கள். நாட்டு மருந்தும் கேளாமல் கொடுக்கலாகாது.

நிறைமாதக் குழந்தைக்கு 14 நாட்கள் கடந்தும் மஞ்சள் இருப்பின், மலத்தைக் கவனியுங்கள். அது வெளிறிச் சுண்ணாம்பு போலிருந்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்குரிய அறுவைச் சிகிச்சை பிறந்த 60 நாட்களுக்குள் நடந்தால் பலன் மிகும். அந்த அணையாடையை அலசிவிடாமல் அப்படியே கிளினிக்கிற்கு எடுத்துச் செல்லுங்கள்.