ஒரே இரவில் குளிர்ந்துபோகும் ஏரி

மாணவர்களே, இப்படி ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். ஜூலை மாதம். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். எதிரே அலையில்லாத நீல நீர். நேற்று இதே இடத்தில் வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர், இன்று காலை நனைத்ததுமே பனிக்கட்டியைப் போல் சில்லிடுகிறது. மழை பெய்யவில்லை, வெயிலும் குறையவில்லை. பிறகு ஏன் இந்த மாற்றம்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கோடையில் இது அவ்வப்போது நிகழ்கிறது. அம்மாநிலத்தின் மேற்கு எல்லையில் மிச்சிகன் ஏரி பரந்து கிடக்கிறது. அதன் பரப்பளவு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ 80 சிங்கப்பூர்களை அதற்குள் வைத்துவிடலாம்! மிக ஆழமான இடம் 281 மீட்டர். நீரோ உப்பில்லாத நன்னீர். கிராண்ட் ஹேவன், ஹாலண்ட், மஸ்கீகன் போன்ற ஊர்களின் மணற்கரைகளில் விடுமுறைக் காலத்தில் மக்கள் திரளுவார்கள்.

விடை ஏரியின் அடுக்குகளில் இருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிகம். கோடை வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே மிதக்கிறது. அடியிலோ 4 டிகிரியை ஒட்டிய குளிர்நீர் அப்படியே தங்கிவிடுகிறது.

இப்போது காற்று கரையிலிருந்து ஏரியை நோக்கிப் பலமாக வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சூடான மேல்நீரைக் கரையைவிட்டு விலக்கித் தள்ளும். அந்த இடத்தை நிரப்ப அடியிலுள்ள குளிர்நீர் மேலே ஏறிவரும். இதை 'மேலெழுச்சி' என்பர். ஒரே நாளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் மேல் சரியக்கூடும். இக்கரையில் வடக்கிலிருந்து வீசும் காற்றும் இதைச் செய்யும். பூமி சுழல்வதால், காற்று தள்ளும் நீர் வட அரைக்கோளத்தில் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது இங்கே கரையைவிட்டு விலகிச் செல்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? காற்று கரையிலிருந்து வீசும்போது கரையோர நீர் அமைதியாகத் தெரியும். நம்பி ஒருவர் குதிக்கிறார். வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட ஏறக்குறைய 24 மடங்கு வல்லது. திடீர்க் குளிரில் அவர் தம்மை அறியாமலே மூச்சை உள்ளிழுப்பார். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் புகும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது நேரலாம். அதே காற்று காற்றடைத்த மிதவைகளையும் ஏரியின் நடுப்பகுதிக்கு இழுத்துச் சென்றுவிடும். அவற்றைத் துரத்தி நீந்தக் கூடாது.

எந்த நாட்டின் குளிர்ந்த நீர்நிலைக்குச் சென்றாலும் மூன்றை நினைவில் கொள்ளுங்கள். காற்றின் வெப்பத்தை வைத்து நீரை எடைபோடாதீர்கள். குதிக்காமல் மெல்ல மெல்ல இறங்குங்கள். தவறி விழுந்தால் பதறாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

செய்து பாருங்கள்: நீளமான கண்ணாடித் தொட்டியில் நீலச் சாயம் கலந்த குளிர்நீரைப் பாதியளவு ஊற்றுங்கள். அதன்மேல் வெதுவெதுப்பான நீரைக் கரண்டியின் வழியே மெதுவாக விடுங்கள். ஒரு முனையிலிருந்து கைவிசிறியால் நீர்ப்பரப்பின்மேல் வீசுங்கள். நீல நீர் எந்த முனையில் உயர்கிறது? ஏன்? விடையை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.