சிவந்த கண்களெல்லாம் கண்நோய் அல்ல

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் கண்நோய் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகள், ஒரே வள்ளத்தில் தொழிலுக்குச் செல்வோர் என அடுத்தடுத்துப் பரவுவதை நாம் கண்டிருக்கின்றோம். சில நாட்களில் தானாகவே மாறிவிடும் என்பதே பொதுவான எண்ணம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் அதே எண்ணம் சிலரது பார்வையைப் பறித்துவிடுவதும் உண்டு.

கண்ணின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியுள்ள மெல்லிய படலம் அழற்சியுறுவதே கண்நோயாகும். அடினோவைரஸ் இதற்கு முதன்மையான காரணியாகும். கண் சிவத்தல், நீர் வடிதல், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், காதின் முன்புறத்தில் சிறு நெறிகட்டுதல் ஆகியன இதன் அறிகுறிகள். பக்டீரியாவினால் ஏற்படின் மஞ்சள் நிறப் பீளை தடித்து, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். என்டரோவைரஸ் 70, கொக்ஸாக்கி ஏ24 ஆகிய வைரஸ்களோ வெண்விழியில் இரத்தக்கசிவை உண்டாக்குவன. 1969இல் கானாவில் முதலில் அறியப்பட்ட இவ்வகை நோய், மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டாகையால் அங்கு 'அப்பலோ 11' எனப்பட்டது. 1971இல் அகதிகள் குவிந்த கல்கத்தாவில் அதற்கு 'ஜோய் பங்ளா' என்று பெயர்.

நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே தொற்றும் என்பது தவறு. கையும் துணியுமே நோயைக் காவுகின்றன. அடினோவைரஸ் உலர்ந்த பொருட்களிலும் வாரக்கணக்கில் உயிர்த்திருக்கக்கூடியது. ஆகவே வீட்டில் பொதுவான துவாய், பள்ளிவாசலில் ஒளுச் செய்தபின் பலரும் முகம் துடைக்கும் துணி, கைமாறும் சுர்மாக் குச்சி ஆகியவற்றைத் தவிர்த்தல் அவசியம். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்குமேயன்றிப் பரவலைத் தடுக்காது.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்காகும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் நெல்தாளோ உமியோ கண்ணில் படுவதும், கடலில் மீன்செட்டை கீறுவதும் புதிதல்ல. அக்கீறலினூடாகப் பங்கசு புகுந்தால் கருவிழியில் புண் உண்டாகும். அப்போதும் கண் சிவக்கும், நீர் வடியும். அதனைக் கண்நோய் என்றெண்ணித் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விட்டுப் பார்ப்போர் இன்னும் உளர். அதனினும் கொடியது, முன்பு யாருக்கோ எழுதிய துளிமருந்தை வாங்கி விடுவது. அதில் ஸ்டெரொயிட் கலந்திருப்பின் சிவப்பு விரைவில் தணிந்து குணமானதுபோல் தோன்றும். உள்ளே புண்ணோ ஆழமாகிக்கொண்டிருக்கும். ஹேர்பிஸ் வைரஸ் தாக்கிய கண்ணுக்கும் இதே கதிதான்.

கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே இயலாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே கண் வைத்தியரை நாடவேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண்ணில் பீளை தள்ளுவதும் அவ்வாறே அவசரமானது. அரச வைத்தியசாலைகளில் கண் சிகிச்சை இலவசம் என்ற போதிலும், ஒருநாள் கூலி போய்விடுமே என்று பின்போடுகின்றவர்களின் நிலையை நாம் அறியாமலில்லை. எனினும் கருவிழிப் புண்ணில் ஒருநாள் தாமதமும் பெரிது. கண்ணில் எது, எப்போது பட்டது என்பதை வைத்தியரிடம் முதலிலேயே கூறுவதுடன், வீட்டில் விட்ட மருந்துக் குப்பியையும் மறைக்காமல் எடுத்துச் செல்லவேண்டும்.